பந்தைப் பார்க்காதீர்கள்: கிரீன் பே பயிற்சி முகாமைக் காணச் செல்வோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தின் ஆட்டப் பருவம் செப்டம்பரில்தான் தொடங்குகிறது. ஆனால் விஸ்கான்சின் மாநிலத்தின் கிரீன் பே நகரத்தில் அதற்கான கூட்டம் ஜூலைக் கடைசியிலேயே கூடிவிடும். ஏறத்தாழ 1 லட்சத்து 7 ஆயிரம் பேர் மட்டுமே வாழும் இந்தச் சிற்றூரின் பேக்கர்ஸ் அணிக்குத் தனி முதலாளி என்று எவரும் இல்லை. லாபப் பங்கு எதுவும் தராத அதன் பங்குப் பத்திரங்களை 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ரசிகர்கள் வாங்கி வைத்திருக்கிறார்கள். அணியின் சொந்த மைதானமான லாம்போ ஃபீல்டில் 1960-ஆம் ஆண்டிலிருந்து பருவ ஆட்டங்களுக்கான டிக்கெட்டுகள் ஒவ்வோர் ஆண்டும் விற்றுத் தீர்ந்துவிடுகின்றன. பருவச் சீட்டுக்குப் பெயர் எழுதிவிட்டுப் பல பத்தாண்டுகள் காத்திருக்கும் குடும்பங்களும் உண்டு. அந்த அணியை, வேலி ஓரத்தில் நின்று, காசு கொடுக்காமல், பத்தடித் தொலைவில் பார்க்கக் கிடைக்கும் ஒரே காலம் கோடைப் பயிற்சிக் காலம்தான்.

முதல்முறை போனபோது நான் செய்த தவறைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு மணி நேரம் கேலரியில் அமர்ந்து, பந்து எங்கே பறந்ததோ அங்கெல்லாம் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தேன். நல்ல வெயில், நல்ல கூட்டம், நாலைந்து அழகான பிடிகள். வீடு திரும்பிய பின், யார் நன்றாக ஆடினார், யாருக்கு இடம் கிடைக்கும் என்று கேட்டவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. ஆட்டம் பார்க்கும் கண்ணோடு பயிற்சியைப் பார்க்க முடியாது என்பது எனக்குப் பிறகுதான் விளங்கிற்று. இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி அந்தக் கண்ணை மாற்றிக்கொள்வதைப் பற்றியது.

எந்த வாரத்தில் போவது

பருவத்துக்கு முந்தைய பயிற்சிகள் எல்லாம் ஒரே தன்மையுடையவை அல்ல. ஏப்ரல் மாதம் தொடங்கும் ஒன்பது வார நிகழ்ச்சி மூன்று கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. முதல் இரண்டு வாரங்கள் உடற்பயிற்சிக்கும், அடுத்த மூன்று வாரங்கள் எதிர்ப்பே இல்லாத மைதானப் பயிற்சிக்கும் போய்விடும். கடைசி நான்கு வாரங்களில்தான் தாக்கும் பிரிவும் தடுக்கும் பிரிவும் எதிரெதிரே நிற்கும். அப்போதும் ஹெல்மெட் மட்டுமே உண்டு. தோள் கவசம் கிடையாது, மோதலும் கிடையாது. மே இறுதியிலும் ஜூன் தொடக்கத்திலும் நடக்கும் இந்த அமர்வுகளில் சிலவற்றைப் பொதுமக்கள் காண அனுமதிக்கும் வழக்கம் கிரீன் பேயில் இருந்துவருகிறது. ஓடிப்போய்ப் பந்தைப் பிடிக்கும் ரிசீவர் ஒருவர் புதிதாகச் சேர்ந்திருந்தால் அவருடைய ஓட்டத்தையும், பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக்கின் கைவீச்சையும் பார்க்க இது போதும். ஆனால் முன்வரிசையில் நிற்கும் லைன்மேன்களைப் பற்றி இந்த வாரங்களில் எந்த முடிவுக்கும் வராதீர்கள். மோதுவதே தொழிலாகக் கொண்டவர்களை மோதவிடாமல் வைத்துக்கொண்டு எடை போடுவது எப்படி?

உண்மையான முகாம் ஜூலைக் கடைசியில் தொடங்கி ஆகஸ்டு நடுப்பகுதிவரை நீள்கிறது. முதல் சில நாட்கள் உடலைப் பழக்குவதற்கு என்று விதியே ஒதுக்கியிருப்பதால் அப்போதும் கவசம் அணிவதில்லை. கவசம் பூண்ட பயிற்சிகள் முகாம் முழுவதற்கும் 16-ஐத் தாண்டக் கூடாது என்பது இந்த அணிகளின் லீக்கான என்எஃப்எல், வீரர் சங்கத்துடன் 2020-இல் செய்துகொண்ட ஒப்பந்தம். ஒரே நாளில் காலையும் மாலையும் கவசத்தோடு மோதிய பழைய வழக்கம் 2011 ஒப்பந்தத்தோடு முடிவுக்கு வந்தது. ஆகவே ஒரே ஒரு நாள்தான் விடுப்பு கிடைக்கும் என்றால், முகாமின் இரண்டாவது வாரத்தில், கவசம் உண்டு என்று எதிர்பார்க்கப்படும் ஒரு வேலை நாளைத் தேர்ந்தெடுங்கள். வார இறுதியில் கூட்டம் மிகும்; முதல் நாளில் ஆரவாரம் மிகும், ஆட்டம் குறையும்.

வேறோர் அணி விருந்தாளியாக வந்து சேர்ந்து பயிற்சி செய்யும் நாட்கள் தனிச் சிறப்புடையவை. 2022-இல் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸும் 2023-இல் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸும் அவ்வாறு கிரீன் பேக்கு வந்தனர். தன் அணித் தோழனைக் காயப்படுத்திவிடக் கூடாதே என்ற கூச்சம் எதிரணி வீரனிடம் இருக்காது என்பதால் அந்நாட்களின் வேகமே வேறு. அட்டவணையில் அப்படி ஒரு நாள் தென்பட்டால் மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு அதற்குப் போங்கள்.

லாம்போ ஃபீல்டுக்குள்ளேயே மாலை நேரத்தில் நடக்கும் குடும்ப இரவு என்பதற்கு மட்டும் சிறு கட்டணத்தில் டிக்கெட் வாங்க வேண்டும். வாணவேடிக்கையும் பெருங்கூட்டமுமாகக் குழந்தைகளுக்கு அது நல்ல பொழுது. பயிற்சியைக் கூர்ந்து பார்க்க விரும்புகிறவருக்கு அது திருவிழாவில் பாடம் கேட்பது போலத்தான்.

போய்ச் சேருவதும் இடம் பிடிப்பதும்

மில்வாக்கியிலிருந்து வடக்கே ஏறத்தாழ 190 கிலோமீட்டர். காரில் இரண்டு மணி நேரம் ஆகும். சிகாகோவிலிருந்து வருகிறவர்கள் விடியற்காலையில் கிளம்பிவிடுவது நல்லது. லாம்போ ஃபீல்டின் கிழக்கே, ஒனைடா தெருவைக் கடந்தால் ரே நிட்ச்கி ஃபீல்டு என்ற திறந்தவெளிப் பயிற்சி மைதானம் இருக்கிறது. அதை ஒட்டியே டான் ஹட்சன் சென்டர் என்ற உள்ளரங்கமும் நிற்கிறது. பயிற்சி பெரும்பாலும் முற்பகலில் நடைபெறும். நேரமும் நாளும் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதோடு முதல் நாள் இரவில்கூட மாற்றப்படலாம் என்பதால், புறப்படுவதற்கு முன் அணியின் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மழையும் மின்னலும் வந்தால் பயிற்சி உள்ளரங்கத்துக்குப் போய்விடும். அங்கே பொதுமக்களுக்கு இடமில்லை. விஸ்கான்சின் கோடையில் இடிமழை அபூர்வமும் அல்ல. வெகுதொலைவிலிருந்து வருகிறவர்கள் ஒரே நாளை நம்பி வராமல் அடுத்தடுத்து இரண்டு நாட்களை வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். மழை பெய்த நாளில் லாம்போ ஃபீல்டுக்குள் இருக்கும் பேக்கர்ஸ் புகழ்க் கூடத்துக்குப் போகலாம். அங்கே ஓட்டை விழுந்த ஒரு ஹெல்மெட்டைப் பார்க்கலாம். 1960 செப்டம்பர் 1 அன்று, பயிற்சியைப் படம் பிடிப்பதற்காக நிறுத்தியிருந்த இரும்புக் கோபுரம் காற்றில் சாய்ந்து பேக்கர்ஸ் வீரர் ரே நிட்ச்கியின்மேல் விழுந்தது. கோபுரத்தின் ஆணி ஒன்று ஹெல்மெட்டைத் துளைத்து உள்ளே போயும் அவருக்குக் காயம் ஏதும் படவில்லை. வழக்கமாக அவர் ஹெல்மெட்டைக் கழற்றிவைத்துவிட்டு நிற்கும் வேளை அது என்றும், மழை தூறியதால்தான் அன்று எடுத்து மாட்டிக்கொண்டார் என்றும் சொல்லப்படுகிறது. பயிற்சி மைதானத்துக்கு அவருடைய பெயரைச் சூட்டியது எவ்வளவு பொருத்தம் என்று அதைப் பார்க்கும்போது தோன்றும்.

இடம் பிடிப்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பெரும்பாலோர் நடுக்கோட்டுக்கு நேராக உட்கார விரும்புகிறார்கள்; நான் கோல் கோட்டுக்கு அருகில், கேலரியின் மேல் வரிசையில் உட்காருவேன். மேலிருந்து பார்த்தால்தான் 22 பேரும் ஒரே பார்வையில் அகப்படுவார்கள். கோல் கோட்டருகில் இருந்தால் லைன்மேன்களின் கால் வேலை முன்னால் தெரியும். வேலியோரத்தில் நிற்பவருக்கு முகங்கள் நன்றாகத் தெரியும், வரிசை அமைப்பு தெரியாது. தொப்பி, தண்ணீர், வெயில் களிம்பு ஆகியவை கட்டாயம். பையின் அளவுக்கும் கேமராவுக்கும் விதிகள் உண்டு. பயிற்சியை வீடியோ எடுக்க ரசிகர்களுக்கு அனுமதியில்லை. எதிரணிக்கு உத்திகள் தெரிந்துவிடும் என்பதே காரணம். வாயிலில் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் படித்துவிட்டு உள்ளே நுழையுங்கள்.

சைக்கிள்கள் வரும் நேரம்

பயிற்சி தொடங்குவதற்கு முக்கால் மணி நேரம் முன்பே ஸ்டேடியத்தின் வெளிவாயிலருகே சிறுவர் சிறுமியர் தங்கள் சைக்கிள்களோடு வரிசையாக நிற்பார்கள். வின்ஸ் லொம்பார்டி பயிற்றுநராக இருந்த காலத்தில் தொடங்கிய வழக்கம் இது. உடைமாற்றும் அறையிலிருந்து வெளிவரும் வீரர், ஒரு குழந்தையின் சைக்கிளை வாங்கிக்கொண்டு அதில் பயிற்சி மைதானம்வரை மிதித்துப் போவார். குழந்தை அவருடைய ஹெல்மெட்டை இரு கைகளாலும் அணைத்துக்கொண்டு பக்கத்தில் ஓடிவரும். 140 கிலோ எடையுள்ள ஒருவர் பத்து வயதுப் பிள்ளையின் சைக்கிளில் முழங்கால் காதைத் தொடும்படி மிதிப்பதையும், சக்கரத்தின் காற்று அவருக்குக் கீழே அமுங்குவதையும், மிதியடியில் கால் முழுவதும் பதியாமல் குதிகால் வெளியே தொங்குவதையும் கிட்டத்திலிருந்து பார்க்க வேண்டும். 2019-இல் ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் அணி விருந்தாளியாக வந்தபோது, விஸ்கான்சினிலேயே பிறந்து வளர்ந்த அதன் வீரர் ஜே.ஜே. வாட் ஒரு சிறுமியின் சைக்கிளில் ஏறி அதன் இருக்கையை உடைத்தே விட்டார்.

பிள்ளையை அழைத்துப் போகிறவர்களுக்கு மூன்று சொற்கள். சைக்கிளின் சங்கிலிக்கு எண்ணெய் போட்டு, டயரில் காற்றைக் கெட்டியாக அடித்து, இருக்கையை முடிந்த அளவு உயர்த்தி வையுங்கள். புகழ்பெற்ற வீரருக்காகக் காத்திராமல், கடைசி வரிசையில் வரும் புதிய வீரருக்குச் சைக்கிளைக் கொடுக்கச் சொல்லுங்கள். பல வேளைகளில் அவர் மறுநாளும் அதே பிள்ளையைத் தேடுவார். பெற்றோர் இடையில் நுழைந்து படம் எடுக்க வழிமறிப்பதைத் தவிர்த்துவிடுங்கள்.

கையில் ஒரு தாள்

முகாமில் 90 பேர் இருப்பார்கள். பருவம் தொடங்கும்போது 53 பேர்தான் எஞ்சுவர். இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள 37 பேரின் கதைதான் முகாம். எனவே வீரர் பட்டியலை எண் வரிசைப்படி அச்சிட்டு எடுத்துப் போங்கள். கைபேசி போதாதா என்றால், வெயிலில் திரை தெரியாது என்பது ஒரு காரணம். தாளில் கோடு கிழிக்க முடியும் என்பது இன்னொரு காரணம். 90 பேருக்கு எண்கள் போதாமல் தாக்கும் பிரிவில் ஒருவரும் தடுக்கும் பிரிவில் ஒருவருமாக இருவர் ஒரே எண்ணை அணிந்திருப்பது முகாமில் சாதாரணம். மேற்சட்டையின் நிறத்தைக் கவனித்தால் குழப்பம் தீரும். சிவப்புச் சட்டை அணிந்தவர்கள் குவாட்டர்பேக்குகள். அவர்களைத் தொடக் கூடாது என்பதற்கான அடையாளம் அது. சிலருடைய ஹெல்மெட்டின்மேல் மெத்தை வைத்துத் தைத்தது போன்ற உறை ஒன்று இருக்கும். மோதலின் அதிர்வைக் குறைப்பதற்கென்று 2022 முதல் சில நிலை ஆட்டக்காரர்களுக்கு முகாமில் கட்டாயமாக்கப்பட்ட உறை அது.

அந்த 90 பேரில் ஐந்தே எண்களைத் தேர்ந்தெடுத்து வட்டமிடுங்கள். நட்சத்திரங்களை விட்டுவிடுங்கள், அவர்களுடைய இடம் உறுதியானது, பயிற்சியில் அவர்கள் நிரூபிக்க வேண்டியது ஒன்றுமில்லை. இடத்துக்குப் போராடும் ஐவரைப் பிடித்துக்கொண்டால் இரண்டு மணி நேரம் போவதே தெரியாது.

ஹாரன் ஒலிக்கும்போது என்ன நடக்கிறது

பயிற்சி பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் ஹாரன் ஒலிக்கும், உடனே எல்லாரும் அடுத்த மூலைக்கு ஓடுவார்கள். எந்தப் பகுதி நடக்கிறது என்று தெரியாவிட்டால் பார்ப்பதெல்லாம் தவறான பொருள் தரும்.

ஒருவருக்கொருவர் மோதும் பகுதியை எடுத்துக்கொள்வோம். ரிசீவரும் அவரை மறிக்கும் கார்னர்பேக்கும் எதிரெதிரே நிற்கும் போட்டியில் ரிசீவர்தான் பெரும்பாலும் வெல்வார். குவாட்டர்பேக்கை விரட்ட ஆளில்லை, திரும்புவதற்கு மைதானம் முழுவதும் இருக்கிறது. கேலரி கைதட்டும் அந்தப் பிடிகளைப் பெரிதாக எண்ண வேண்டாம். மாறாக, ஒரு கார்னர்பேக் தொடர்ந்து மூன்று முறை பந்தைத் தட்டிவிட்டால் அவருடைய எண்ணுக்கு அருகில் நட்சத்திரம் போடுங்கள். லைன்மேன்களின் போட்டியில் நிலைமை தலைகீழ். பக்கத்துணை இல்லாமல் தனியே நிற்கும் தாக்கும் பிரிவு லைன்மேனைத் தடுக்கும் பிரிவுக்காரர் இரு பக்கமும் சுற்றிப் போகலாம். அதில் நின்று காட்டுகிறவர் உண்மையிலேயே வல்லவர். இடுப்புக்குக் கீழே பாருங்கள். கை உயர்ந்து தலை முன்னால் சாய்ந்துவிட்டால் தோல்வி. முதுகு நேராக இருந்து கால் குறுகிய அடிகளாக நகர்ந்தால் அவர் பிழைத்துக்கொள்வார்.

ஒடுங்கிய பாதையில் இருவரை நேருக்கு நேர் முட்டவிடும் ஓக்லஹோமா டிரில் என்ற பழைய பயிற்சியை யாராவது மூத்த ரசிகர் பக்கத்தில் உட்கார்ந்து ஏக்கத்தோடு விவரிப்பார். 2019-இல் என்எஃப்எல் அதைத் தடை செய்துவிட்டது. தலையடியின் விளைவுகளைப் பற்றித் தெரிந்த பிறகு அதற்காக ஏங்குவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

அடுத்தது 7-க்கு 7 என்ற பகுதி. இதில் லைன்மேன்களே இல்லை. நெருக்கடியில்லாமல் பந்து வீசுகிற குவாட்டர்பேக் பெரும்பாலான வீச்சுகளைச் சேர்ப்பித்தே ஆக வேண்டும். இங்கே தவறவிட்டவற்றைத்தான் குறித்துக்கொள்ள வேண்டும். இதில் எதிராளி பந்தைப் பறித்தால் வீசியவர் பார்வையில் பிழை என்றே பெரும்பாலும் பொருள்.

முகாமின் உயிர் 11-க்கு 11 பகுதியில் இருக்கிறது. இங்கேதான் பந்தைப் பார்க்காதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. முதலில் யார் யார் உள்ளே வருகிறார்கள் என்று எண்ணுங்கள். முதல் வரிசை, இரண்டாம் வரிசை, மூன்றாம் வரிசை என்று மாறி மாறி வருவார்கள். நேற்று மூன்றாம் வரிசையில் நின்றவர் இன்று இரண்டாம் வரிசையில் நின்றால், அன்றைய அழகான பிடிகள் அனைத்தையும்விடப் பெரிய செய்தி அதுவே. பயிற்றுநர் ஊடகத்தாரிடம் சொல்வதில் பாதி மரியாதைக்காகச் சொல்வது. யாரை யாருக்கு முன்னால் நிறுத்துகிறார் என்பதில் மரியாதைக்கு இடமில்லை.

வாய்ப்புகளின் எண்ணிக்கை எவ்வளவு இரக்கமற்றது என்பதற்குக் கர்ட் வார்னரை நினைத்துக்கொள்வேன். 1994-இல் எந்த அணியும் தேர்ந்தெடுக்காத நிலையில் அவர் இதே கிரீன் பே முகாமுக்கு வந்தார். பிரெட் ஃபாவ்ர், மார்க் புருனெல், டை டெட்மர் ஆகிய மூவருக்கும் பின்னால் நான்காவது குவாட்டர்பேக்காக நின்ற அவருக்குக் கிடைத்த வீச்சுகள் மிகக் குறைவு. பருவம் தொடங்குமுன் அனுப்பப்பட்டுவிட்டார். அயோவாவில் ஒரு பலசரக்கு அங்காடியில் அலமாரிகளில் பொருள் அடுக்கிய அதே மனிதர், 1999 பருவத்தில் செயின்ட் லூயி ராம்ஸ் அணிக்கு சூப்பர் பௌல் வென்று கொடுத்து அந்த இறுதி ஆட்டத்தின் சிறந்த வீரராகவும் தேர்வானார். நான்காவதாக நிற்பவரை வேலியோரம் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்?

11-க்கு 11 பகுதியில் இன்னும் இரண்டு நுட்பங்கள் உண்டு. கவசம் அணிந்த நாளிலும் பெரும்பாலும் பந்தோடு ஓடுபவரைத் தரையில் வீழ்த்த மாட்டார்கள். தோளால் தட்டி நிறுத்துவதோடு சரி. ஆகவே 40 கெஜம் ஓடிய ஓட்டம் உண்மை ஆட்டத்தில் 6 கெஜத்தில் முடிந்திருக்கக்கூடும். அதேபோலச் சிவப்புச் சட்டைக்காரரை நெருங்கிய தடுப்பாளர் கையைத் தூக்கி விலகிப் போவார். குவாட்டர்பேக்கோ நின்று நிதானமாகப் பந்தை வீசுவார், கூட்டம் கைதட்டும். அந்த வீச்சு கணக்கில் சேராது. பந்து கைக்கு வந்ததும் மனத்துக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிப் பழகுங்கள். மூன்றுக்குள் வீசாவிட்டால் அதை ஐயத்தோடு பாருங்கள்.

கூட்டம் தண்ணீர் குடிக்கப் போகும் நேரம்

பந்தை உதைத்து அனுப்புவதற்கும் உதைக்கப்பட்டதைத் தடுப்பதற்கும் ஆன ஸ்பெஷல் டீம்ஸ் பகுதி வந்ததும் கேலரியில் பாதிப்பேர் எழுந்து போய்விடுவார்கள். நீங்கள் மட்டும் எழுந்திருக்காதீர்கள். பட்டியலின் 45-ஆவது இடத்திலிருந்து 53-ஆவது இடம்வரை யார் அமர்வது என்பதைப் பெரும்பாலும் இந்தப் பகுதிதான் தீர்மானிக்கிறது. பந்தைக் கையிலிருந்து விட்டு எதிரணிப் பக்கம் உதைத்து அனுப்பும் பன்ட் உதையின்போது வரிசையின் இரு கடைசிகளில் நின்று, இருவர் சேர்ந்து மறித்தாலும் பிய்த்துக்கொண்டு ஓடுகிற கன்னர் யார் என்று பாருங்கள். தாக்கும் பிரிவிலோ தடுக்கும் பிரிவிலோ மூன்றாம் வரிசையில் நிற்கும் ஒருவர் இங்கே முதல் குழுவில் நின்றால், அவர் பெயரைச் சுற்றி இரண்டாவது வட்டம் போடலாம்.

2010-இல், கல்லூரி வீரர்களை அணிகள் எடுத்துக்கொள்ளும் தேர்வில் யாரும் எடுக்காமல் முகாமுக்கு வந்த சாம் ஷீல்ட்ஸ், கல்லூரியில் பெரும்பாலும் ரிசீவராக ஆடியவர். கார்னர்பேக்காக மாறி ஓராண்டுதான் ஆகியிருந்தது. அவர் அந்தப் பருவத்திலேயே அணியில் இடம் பெற்று, சூப்பர் பௌலுக்குப் போகும் அணியைத் தீர்மானிக்கச் சிகாகோவில் நடந்த கான்ஃபரன்ஸ் பிரிவு இறுதியாட்டத்தில் இரண்டு முறை பந்தைப் பறித்தார். அந்த அணி சூப்பர் பௌலையும் வென்றது. பட்டியலின் அடிப்பகுதியைக் கவனிக்கச் சொல்வதற்கு இதைவிட நல்ல சான்று என்னிடம் இல்லை.

முடிந்த பின்

பயிற்சி முடிந்ததும் கையெழுத்துக்காக வேலியை நோக்கிக் கூட்டம் பாயும். ஒரே ஒரு பொருளை நீட்டி, வீரரின் பெயரைச் சரியாகச் சொல்லி அழைப்பவருக்குக் கிடைக்கும் வாய்ப்பு, பத்துப் படங்களை நீட்டுபவருக்குக் கிடைப்பதில்லை. காயத்தால் ஓரத்தில் தனியே பயிற்சி செய்துகொண்டிருந்தவர்கள் யார் என்பதையும் மறக்குமுன் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் பட்டியலில் நடக்கும் மாற்றங்களுக்கு அது விளக்கம் தரும்.

தாளைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். ஆகஸ்டு இறுதியில் ஒரே நாளில் 90 பேர் 53 ஆவார்கள். அன்று மாலை அறிவிப்பு வந்ததும் தாளை எடுத்து, போனவர்களின் எண்களை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வாருங்கள். நீங்கள் வட்டமிட்ட ஐவரில் இருவர் அடிபட்டுப் போயிருந்தாலும் பொறுத்திருங்கள். மறுநாள், 53 பேருக்கு வெளியே அணியோடு பயிற்சி மட்டும் செய்யும் பயிற்சிக் குழுவுக்கு 16 பேரை அணி சேர்த்துக்கொள்ளும், அடித்த எண்களில் சிலவற்றை நீங்களே திரும்ப எழுத வேண்டியிருக்கும்.